மூணாவது ஆளை சேர்த்ததும் முதல் ஆள் மாறிட்டாரு, எந்த முறையை நம்பறது?

கேள்வி: வணக்கம் மேடம். எங்க ஆபீஸ்ல ஒரு சாஃப்ட்வேர் வேலையை வெளில குடுக்கணும். ரெண்டு கம்பெனி வந்தாங்க, பேர் வேண்டாம், அ, ஆன்னு வெச்சுக்கலாம். அ 4 மாசத்துல முடிச்சு தரேன்னாங்க, அவங்க பழைய வேலைகளை பாத்து தரத்துக்கு 70 மார்க். ஆ 6 மாசம் கேட்டாங்க, தரம் 90. நேரத்துக்கு 60, தரத்துக்கு 40ன்னு வெயிட்டேஜ் குடுத்து எக்ஸெல்ல போட்டோம், அ ஜெயிச்சது. ரெண்டே பேரை வெச்சு முடிவு பண்ணா கேள்வி வரும், மூணு பேராவது இருக்கணும்னு மேனேஜர் சொன்னதால பேருக்கு இ-ன்னு ஒருத்தரை சேர்த்தோம், 12 மாசம், தரம் 60. அவங்களுக்கு குடுக்க போறதில்லன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா சேர்த்த உடனே ஆ முதல்ல வந்துடுச்சு! அ, ஆ ரெண்டு பேரோட நம்பரையும் தொடல, வெயிட்டேஜையும் தொடல. இப்ப டீம்ல ஒருத்தர் எக்ஸெல்லே குப்பை, ஏஹெச்பின்னு வேற ஒரு முடிவெடுக்கற முறை இருக்கு, அதை பண்ணுங்கங்கறார், இன்னொருத்தர் டாப்சிஸ்ங்கற முறைதான் சயின்டிஃபிக்குங்கறார், மூணாமவர் நான் ஃபார்முலால கை வெச்சுட்டேன்னே நெனைக்கறார். ஒரு முறை நல்லதா இல்லையான்னு எப்படி மதிப்பிடறது? ஷீட்டை இணைச்சிருக்கேன்.

பதில்: வணக்கம். முதல்ல அந்த மூணாமவர்கிட்ட சொல்லிடுங்க, யாரும் கை வெக்கல, ஷீட்டை செல் செல்லா பாத்துட்டேன், கணக்கு சரி. கணக்கு சரியா இருந்தும் இப்படி ஆச்சுங்கறதுதான் விஷயமே.

உங்க ஷீட் என்ன பண்ணுதுன்னா ஒவ்வொரு அம்சத்துலயும் வந்திருக்கறதுலயே நல்லதுக்கு 1, வந்திருக்கறதுலயே மோசமானதுக்கு 0 குடுத்துட்டு நடுவுல இருக்கறதை அதுக்கேத்த மாதிரி பிரிச்சு போடுது, அப்பறம் வெயிட்டேஜால பெருக்கி கூட்டுது. ரெண்டு பேர் மட்டும் இருந்தப்ப நேரத்துல அ-வுக்கு 1, ஆ-வுக்கு 0. தரத்துல அ-வுக்கு 0, ஆ-வுக்கு 1. ஆக அ 60, ஆ 40. இங்க கொஞ்சம் நின்னு பாருங்க, இந்த 60ம் 40ம் எங்கேருந்து வந்தது? நீங்க குடுத்த வெயிட்டேஜே திரும்பி வந்திருக்கு, அவ்ளோதான். ஆ 6 மாசம் கேக்காம 4 மாசம் ஒரு நாள் கேட்டிருந்தாலும் ஷீட் இதே 60-40தான் காட்டும், ஏன்னா ஒரு நாள் அதிகமா இருந்தாலும் அவங்கதான் "இருக்கறதுலயே மோசம்", 0தான். அதாவது உங்க முதல் ரிசல்ட்டுக்கு 4, 6, 70, 90ங்கற நாலு நம்பரும் தேவையே படல. எல்லாரும் ரெண்டாவது ரிசல்ட்டைத்தான் சந்தேகப்படறீங்க, எனக்கு முதல் ரிசல்ட்டுமேலதான் அதிக சந்தேகம்.

இப்ப இ உள்ள வந்தாங்க, 12 மாசம். நேரத்துல மோசம்ங்கற இடம் 6லேருந்து 12க்கு போயிடுச்சு, அதனால 6 மாசம் கேக்கற ஆ திடீர்னு நல்ல பிள்ளை ஆயிட்டாங்க, 0லேருந்து 0.75. தரத்துல கீழ் எல்லை 60க்கு இறங்கினதால அ-வுக்கும் கொஞ்சம் ஏறுச்சு, 0.33. கூட்டி பாத்தா அ 73.3, ஆ 85, இ சுத்தமா 0. எதுலயும் ஜெயிக்காத ஒருத்தர் வந்து ஜெயிச்சவரை மாத்திட்டு போயிட்டார். பல அம்சங்களை வெச்சு முடிவெடுக்கற இந்த துறையில இதுக்கு ரேங்க் ரிவர்சல்னு பேரு, பழைய வியாதி.

வியாதிக்கு காரணம் முறைன்னு உங்க டீம் நெனைக்குது, நான் பார்த்த வரைக்கும் பத்துல எட்டு தடவை காரணம் வெயிட்டேஜ் கேட்ட விதம். "நேரம் எவ்ளோ முக்கியம், தரம் எவ்ளோ முக்கியம்"னு கேட்டிருப்பீங்க, எல்லாரும் 60-40ன்னு தலையாட்டியிருப்பாங்க. ஆனா எவ்ளோ நேரம்? எவ்ளோ தரம்? அது இல்லாம அந்த கேள்விக்கு அர்த்தமே இல்ல. ஒரு நாள் தாமதத்தையும் ஒரு வருஷ தாமதத்தையும் ஒரே "நேரம்"ங்கற வார்த்தைல அடைச்சா எப்படி. உங்க முதல் ஷீட்ல 2 மாச வித்தியாசத்துக்கு 60 பாயின்ட், 20 மார்க் வித்தியாசத்துக்கு 40 பாயின்ட், அப்படின்னா ஒரு மாசம் 30 பாயின்ட், ஒரு மார்க் 2 பாயின்ட், ஒரு மாசம் சீக்கிரம் கிடைக்க 15 மார்க் தரத்தை விட்டுக்குடுக்க ரெடின்னு நீங்க சொன்னதா ஷீட் எடுத்துக்குது. ரெண்டாவது ஷீட்ல அதே 60 இப்ப 8 மாசத்துக்கு பரவுது, அதே 40 இப்ப 30 மார்க்குக்கு பரவுது, ஒரு மாசத்தோட விலை 5.6 மார்க்குதான். நீங்க எதையும் மாத்தல, ஆனா நீங்க சொன்னதா அது எடுத்துக்கிட்டது ஏறக்குறைய மூணுல ஒரு பங்கா சுருங்கிடுச்சு. உங்க யாருக்காவது இந்த 15ம் 5.6ம் தெரியுமா? தெரிஞ்சிருக்காது, ஏன்னா ஷீட்டுல எங்கயும் அது எழுதி இருக்காது.

சரி, அப்ப உண்மையான கேள்வி என்ன? அ-வுக்கும் ஆ-வுக்கும் 2 மாசம் வித்தியாசம், 20 மார்க் வித்தியாசம். ஒரு மாசத்துக்கு 10 மார்க்குக்கு மேல விட்டுக்குடுப்பேன்னா அ, 10க்கு கீழன்னா ஆ. முடிஞ்சது. இதுக்கு இ தேவையில்ல, எக்ஸெல்லே தேவையில்ல. உங்க 15 அந்த பக்கம், 5.6 இந்த பக்கம், அதான் முடிவு புரண்டுச்சு.

1772ல பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் தன் நண்பர் ஜோசஃப் ப்ரீஸ்ட்லிக்கு ஒரு கடிதம் எழுதினார், ப்ரீஸ்ட்லிக்கு ஒரு வேலை வாய்ப்பு வந்து ஏத்துக்கறதா வேண்டாமான்னு குழப்பம். என்ன முடிவு எடுக்கணும்னு சொல்ல எனக்கு போதுமான விவரம் தெரியாது, எப்படி எடுக்கறதுன்னு வேணா சொல்றேன்னு ஆரம்பிச்சு, ஒரு தாளை நடுவுல கோடு போட்டு ஒரு பக்கம் சாதகம், ஒரு பக்கம் பாதகம், மூணு நாலு நாள் யோசிச்சு எழுதி, அப்பறம் ரெண்டு பக்கத்துலயும் சமமா இருக்கறதை அடிச்சுக்கிட்டே வரணும்னு சொல்றார். இந்த ஒண்ணு அந்த ரெண்டுக்கு சமம்னா மூணையும் அடின்னு. வெயிட்டேஜ், மேட்ரிக்ஸ் எதுவும் இல்ல, இதுக்கு அது ஈடாகுமாங்கற நேரடி கேள்விதான். இருநூறு வருஷத்துக்கு அப்பறம் ஹாமண்ட், கீனி, ராய்ஃபா மூணு பேரும் 'ஈவன் ஸ்வாப்ஸ்'னு பேர் வெச்சு சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். எனக்கு இப்படி நேரடியா ஈடு கேக்கற முறைகள்மேல ஒரு சாய்வு உண்டு, மறைக்க விரும்பல.

இனி உங்க நண்பர்கள் சொன்ன ரெண்டுக்கும் வரேன். ஏஹெச்பி தாமஸ் சாட்டி 1970கள்ல உருவாக்கினது. ரெண்டு ரெண்டா எடுத்து எது எவ்ளோ மடங்கு முக்கியம்னு 1லேருந்து 9 வரைக்கும் சொல்லணும், அதுலேருந்து வெயிட்டேஜ் வரும், சொன்னதுல முரண்பாடு எவ்ளோன்னும் ஒரு எண் குடுக்கும், 0.1க்கு கீழ இருந்தா பரவால்லன்னு வழக்கம். நல்ல பக்கம், பேச்சை ஒழுங்குபடுத்தும், டீமை உக்கார வெச்சு ஒவ்வொரு ஜோடியா வாதாட வெக்கும். ஆனா "நேரம் தரத்தை விட எத்தனை மடங்கு முக்கியம்"ங்கற கேள்வி, நான் மேல திட்டினேனே, அதே கேள்விதான், எவ்ளோ நேரம் எவ்ளோ தரம்னு அதுவும் கேக்காது. அப்பறம் அந்த 9. ஒண்ணை விட ரெண்டாவது 5 மடங்கு, அதை விட மூணாவது 5 மடங்குன்னு மனசார சொன்னீங்கன்னா முதலுக்கும் மூணாவதுக்கும் 25 மடங்கு வரணும், ஆனா ஸ்கேல் 9லயே முடிஞ்சிடுது, 9ன்னு போட்டா முரண்பாட்டு எண் 0.1ஐ லேசா தாண்டிடும், நீங்க முரண்பட்டதா மெஷின் சொல்லும். தப்பு உங்களோடது இல்ல, இடம் பத்தல.

ரேங்க் ரிவர்சல் இதுல வராதுன்னு உங்க நண்பர் நெனைச்சா, 1983ல பெல்டன், கியர்னு ரெண்டு பேர் ஏற்கனவே இருக்கற ஒரு ஆப்ஷனோட நகலையே இன்னொரு ஆப்ஷனா சேர்த்து ஏஹெச்பி வரிசையை புரட்டி காட்டிட்டாங்க. பெரிய சண்டை, பல வருஷம் ஓடுச்சு. அதை தவிர்க்க வேற விதமா ஸ்கோர் போடற வகையும் ஏஹெச்பிக்குள்ளயே இருக்கு, ஆனா உங்களுக்கு கிடைக்கற டெம்ப்ளேட்ல எது ஓடுதுன்னு கேட்டு பாக்கணும், பெரும்பாலும் டெம்ப்ளேட் போட்டவருக்கே தெரியாது.

டாப்சிஸ் 1981, ஹுவாங், யூன். எல்லா அம்சத்துலயும் சிறந்ததை சேர்த்து ஒரு கற்பனை ஆப்ஷன், எல்லாத்துலயும் மோசத்தை சேர்த்து இன்னொண்ணு, முதலுக்கு கிட்டயும் ரெண்டாவதுக்கு தூரமாவும் யார் இருக்காங்களோ அவங்க ஜெயிப்பாங்க. உங்க நம்பரையே போட்டு பாத்தேன், அதே 60-40. ரெண்டு பேர் மட்டும்னா அ 0.70, ஆ 0.30. இ-யை சேர்த்தா அ 0.85, ஆ 0.76. பாத்தீங்களா, இங்க புரளல, அ-தான் முதல்ல. உங்க டாப்சிஸ் நண்பர் இதை படிச்சுட்டு சந்தோஷப்படறதுக்குள்ள சொல்லிடறேன், ரெண்டு பேரோட ஸ்கோரும் இ வந்ததால எவ்ளோ நகர்ந்திருக்குன்னு பாருங்க, 0.30 எங்க 0.76 எங்க. அதுவும் கூட்டத்துல யார் யார் நிக்கறாங்கங்கறதை வெச்சுத்தான் அளக்குது, இந்த தடவை தப்பிச்சுது, வேற நம்பருக்கு டாப்சிஸும் புரளும். ஒரே டேட்டா, ஒரே வெயிட்டேஜ், உங்க ஷீட் 'ஆ'ங்குது டாப்சிஸ் 'அ'ங்குது, ரெண்டு பேரும் கால்குலேட்டர்ல ஒரு தப்பும் பண்ணல. 60ங்கற ஒரே சொல்லை ரெண்டு முறையும் ரெண்டு விதமா புரிஞ்சுக்குது.

இந்த எடத்துல ஒரு ஜோக் உண்டு. எந்த முறை சிறந்த முறைன்னு தேர்ந்தெடுக்கறதே பல அம்சங்களை வெச்சு முடிவு எடுக்கற பிரச்சனைதானே, அதுக்கு எந்த முறையை யூஸ் பண்றது? 1989ல ட்ரையான்டாஃபில்லோவும் மேனும் இதை ஜோக்கா சொல்லல, நெஜமாவே செஞ்சு பாத்து பேப்பராவே போட்டாங்க, முரண்னு பேரும் வெச்சாங்க.

அதனால "எது சரியான பதில் குடுக்குது"ன்னு முறைகளை மதிப்பிட முடியாது, சரி பாக்க பின்னாடி விடைத்தாள் இல்ல. நான் வேற மாதிரி பாப்பேன். முதல்ல வெயிட்டேஜ்ங்கற நம்பர் எந்த கேள்விக்கு பதில்னு ஒரே வாக்கியத்துல சொல்ல முடியுதான்னு. முடியலன்னா அந்த முறையை நான் தொட மாட்டேன், எவ்ளோ பெரிய பேரா இருந்தாலும். இதுக்கு ஸ்விங் வெயிட்டிங்னு ஒண்ணு இருக்கு, கேள்வியையே மாத்தி கேக்கும்: எல்லாமே மோசமா இருக்கற ஒரு ஆப்ஷன், 6 மாசம், 70 மார்க், இதுல ஒரே ஒரு அம்சத்தை நல்லதுக்கு தள்ளலாம்னா எதை தள்ளுவீங்க, 6ஐ 4 ஆக்கறதையா 70ஐ 90 ஆக்கறதையா? அதுக்கு 100, மத்ததுக்கு அதோட ஒப்பிட்டா எவ்ளோ? அவ்ளோதான். எல்லை கேள்விக்குள்ளயே இருக்கு, எல்லை மாறினா கேள்வியை திரும்ப கேக்கணும்னு தானா புரியும். 0 எது 1 எதுங்கறதை வந்திருக்கறவங்களை பாத்து வெக்காம முன்னாடியே நீங்களே வெச்சுடலாம், 3 மாசம் முதல் 12 மாசம்னு ஒரு ஸ்கேல், அப்ப யார் வந்தாலும் போனாலும் மத்தவங்க ஸ்கோர் அசையாது. உங்க ஷீட்டுக்கு இந்த ஒரு திருத்தம் போதும், புது முறையே வேண்டாம்.

அடுத்து ஈடு கட்டறது. கூட்டி வர்ற எல்லா முறையும் ஒரு எடத்து பள்ளத்தை இன்னொரு எடத்து மேட்டால நிரப்பும். பாதுகாப்புல படு மோசமா இருந்தாலும் சீக்கிரம் முடிக்கறதால ஜெயிச்சுடலாம். அது உங்களுக்கு ஓகேவா? ஓகே இல்லன்னா ஃப்ரான்ஸ்ல பெர்னார்ட் ருவா 1960கள்ல கொண்டுவந்த எலெக்ட்ரே மாதிரி முறைகள்ல வீட்டோ உண்டு, ஒரு அம்சத்துல ரொம்ப கீழ போனா மத்த எதுவும் காப்பாத்தாது. ஆனா உள்ள இருக்கற வரம்புகளை எல்லாம் புரிஞ்சு செட் பண்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும், பாதி நேரம் "இதுக்கு கீழன்னா உள்ளயே வராதே"ன்னு முதல்லயே ஒரு வடிகட்டி போட்டா வேலை முடிஞ்சிடும். உங்க இ-யை அப்படி முதல்லயே வெளில வெச்சிருக்கலாம், மூணு பேரை கூப்பிட்டோம், ஒருத்தர் தகுதி வரம்புல வரலன்னு ஃபைல்ல எழுதிட்டா கேள்வி கேக்கறவங்களுக்கும் அதுவே பதில்.

அப்பறம் ஆட்டி பாக்கறது. வெயிட்டேஜை எங்க கொண்டு போனா முடிவு மாறுதுன்னு. உங்க முதல் ஷீட்ல நேரம் 50க்கு கீழ போனாலே மாறிடும், மூணு பேர் இருக்கற ஷீட்ல 73 தாண்டினாத்தான் மாறும். இந்த எல்லையை காட்டாம வெறும் 85, 73.3ன்னு ஸ்கோர் மட்டும் காட்டற ரிப்போர்ட்டை திருப்பி அனுப்பிடுங்க. ராபின் டாஸ்ங்கற உளவியலாளர் 1979ல ஒரு புகழ்பெற்ற கட்டுரைல காட்டினது, கணிப்பு வேலைகள்ல எல்லா அம்சத்துக்கும் சம வெயிட்டேஜ் குடுத்தாலே பல நேரம் நிபுணரோட உள்ளுணர்வை விட நல்லா வருதுன்னு. அது பின்னாடி சரி பாக்கக்கூடிய கணிப்புகளை பத்தினது, உங்களுது விருப்பத்தை பத்தினது, அப்படியே தூக்கி வெக்க முடியாது, ஆனா 60ஆ 62ஆன்னு ரெண்டு மணி நேரம் மீட்டிங் போடறவங்களுக்கு அதை சொல்லுவேன்.

என் சொந்த கதை ஒண்ணு. வேலைக்கு புதுசுல ஒரு டீமுக்கு 14 அம்சம் வெச்சு ஏஹெச்பி நடத்தினேன், 14ன்னா ஜோடி எத்தனை தெரியுமா, 91. முதல் இருபது ஜோடிக்கு பயங்கர விவாதம், அம்பதுக்கு மேல யாரும் நிமிர்ந்தே பாக்கல, ரெண்டும் சமம்னு 1, 1, 1ன்னு போட்டுக்கிட்டே போனாங்க, கடைசில முரண்பாட்டு எண் அழகா 0.1க்கு கீழ வந்துச்சு, நான் பெருமையா ஸ்லைடுல போட்டேன். எதையும் யோசிக்காம எல்லாம் சமம்னே டிக் பண்ணா முரண்பாடு எங்கேருந்து வரும்! அதைவிட கூத்து, அந்த 14ல "யூஸ் பண்ண ஈஸி", "கத்துக்க ஆகற நேரம்", "ட்ரெயினிங் செலவு"ன்னு மூணு இருந்துச்சு, மூணும் ஒரே விஷயத்தோட மூணு சட்டை, அதை மட்டும் மூணு தடவை எண்ணிட்டோம். அதுக்கப்பறம் ஏழுக்கு மேல அம்சம் வந்தாலே எனக்கு கை நடுங்கும்.

உங்களுக்கு நான் சொல்றது இதான். அந்த 10 மார்க் கேள்வியை டீம்ல ஒவ்வொருத்தரும் தனித்தனியா பேப்பர்ல எழுதட்டும், ஒரு மாசம் முன்னாடி கிடைக்க அதிகபட்சம் எத்தனை மார்க் தரத்தை விடுவீங்கன்னு, மேனேஜரும் எழுதணும், கடைசியா இல்ல எல்லாரோடயும் சேர்ந்தே. எல்லாரும் 10க்கு ஒரே பக்கம்னா முடிவு அங்கயே முடிஞ்சுது. ரெண்டு பக்கமும் இருந்தா சண்டை போட வேண்டியது அதை பத்தித்தான், டாப்சிஸை பத்தி இல்ல. ஒருத்தர் 3ன்னும் இன்னொருத்தர் 25ன்னும் எழுதினா அந்த 25 போட்டவர் எந்த தேதியை மனசுல வெச்சிருக்கார்னு கேளுங்க, பெரும்பாலும் உங்களுக்கு தெரியாத ஒரு கெடு அங்க இருக்கும்.

இன்னொண்ணு, ஷீட்டை ரெண்டு தடவை பாத்தேன், மாசம்ங்கறது அந்த கம்பெனிகளே எழுத்துல குடுத்தது, சரி. அந்த 70ம் 90ம் யார் போட்டது, எதை பாத்து போட்டதுன்னு எங்கயும் இல்ல. 90 உண்மைல 82ன்னா வித்தியாசம் 12 மார்க், அப்ப எல்லை 10 இல்ல 6. பேப்பர் குடுக்கறதுக்கு முன்னாடி மார்க் போட்டவரை கேட்டுட்டு வந்துடுங்க.